தெலுக் பஹாங் கரைக்குப் பிள்ளைகளை அழைத்து வருவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், ஆலய இளைஞர் பகுதியினருக்கும், விடுமுறைச் சுற்றுலாவை முன்நின்று நடத்தும் அண்ணன்மார் அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பினாங்கின் வடமேற்கு மூலையில், தெலுக் பஹாங்கில், நம் பேருந்துகள் வந்து நிற்கும். பெரும்பாலும் காலை 11 மணிக்கு. நாற்பது பிள்ளைகள், எட்டுப் பெரியவர்கள், இரண்டு பெரிய பாத்திரங்களில் மீஹூன் கோரிங், கூடவே ஓர் ஒலிபெருக்கி. தேசியப் பூங்காவின் வாசலில் பெயர் பதிந்து உள்ளே போகிறார்கள். உச்சி வெயிலில் வியர்த்து, பிளாஸ்டிக் பையைக் குரங்கிடம் பறிகொடுத்து, மூன்று மணிக்குத் திரும்புகிறார்கள். என்ன பார்த்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டால், "குரங்கு" என்று ஒரே பதில்தான்.

அது அந்த இடத்தின் குறை இல்லை. காடு நேராகக் கடலுக்குள் இறங்கும் கரை இது. பந்தாய் ஆச்சே காப்புக்காடாக இருந்து 2003-இல் தேசியப் பூங்காவானது. 2021-இல் யுனெஸ்கோ ஏற்பளித்த பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்தின் 12,481 ஹெக்டேரில் இந்தப் பூங்காவும் அடக்கம். நீர்நாய், கடற்கழுகு, இலைக்குரங்கு, பறக்கும் லெமூர் என்று நம் மக்கள் அழைக்கும் கூபோங், கரையேறி முட்டையிடும் ஆமை எல்லாம் இங்கே உண்டு. பிள்ளைகள் அவற்றைப் பார்க்காமல் திரும்புவதற்குக் காரணம் நாமே குறித்த தேதியும் நேரமும்தான்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. பேருந்து எந்த நாளில் கிடைக்கும் என்று பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். கடல் காலையில் வற்றும் நாளைப் பார்த்துத் தேதி குறியுங்கள். அதற்கேற்ற பேருந்தைப் பிறகு தேடுங்கள். மற்றவை எல்லாம் இதிலிருந்து தாமாக அமையும்.

நாள்காட்டியில் திதி பார்க்காத வீடு நம்மில் குறைவு. அதே நாள்காட்டி கடலுக்கும் உதவும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் கடல் மிக உயர ஏறி, மிகத் தொலைவு வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வேறுபாடு குறைந்துவிடும். கரையில் பெரிதாக எதுவும் வெளிப்படாது. பினாங்குக் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இதில் ஏற்பாட்டாளர்களுக்கு உதவும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கடல் வற்றியிருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே 9 மணிக்குக் கிட்டத்தட்ட நிறைந்து நிற்கும். அதற்கும் அடுத்த சனிக்கிழமை மறுபடி வற்றிய நிலைக்கு வந்துவிடும். எனவே ஏதோ காரணத்தால் தேதியை மாற்ற நேர்ந்தால் ஒரு வாரம் தள்ளாதீர்கள், இரண்டு வாரம் தள்ளுங்கள்.

துல்லியமான நேரத்துக்கு ஏற்றவற்று அட்டவணை வேண்டும். மலாயில் 'பாசாங் சூருட்' என்று தேடினாலே கிடைக்கும். அரச மலேசியக் கடற்படையின் தேசிய நீரியல் மையம் ஆண்டுதோறும் இதை வெளியிடுகிறது. அதில் பினாங்குக்கு உரிய பக்கத்தை எடுத்து, காலை 8 முதல் 10 மணிக்குள் வற்று விழும் சனி, ஞாயிறுகளை வட்டமிடுங்கள். அப்படி வட்டமிட்டவற்றுள் அமாவாசை, பௌர்ணமிக்குப் பக்கத்தில் வருவது எதுவோ அதுதான் உங்கள் நாள்.

நேரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பாதுகாப்பு சார்ந்தது. வற்றிய கடல் ஒரே வேகத்தில் திரும்பி வராது. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே 2.4 மீட்டர் வேறுபாடு உள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். முதல் மணி நேரத்தில் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறும், இரண்டாவதில் 40, மூன்றாவதில் 60, நான்காவதிலும் 60. பிறகு 40, 20 என்று தணியும். முதல் மணி நேரத்தில் தண்ணீர் அசையாதது போலவே இருக்கும். பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது மணி நேரத்தில், பாறைமேல் ஏறி நிற்கும் பிள்ளைக்கும் கரைக்கும் நடுவில் இடுப்பளவு நீர் வந்திருக்கும். அதனால் வற்றுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கரையில் இறங்குங்கள், வற்று முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாரும் மேலே வந்துவிட வேண்டும். இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குப் போதும்.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மணற்கரையில் குனிந்து பார்த்தால், கடுகளவிலிருந்து மிளகளவு வரை சின்னச் சின்ன மணல் உருண்டைகள் ஒரு சிறு துளையைச் சுற்றிக் கதிர்கதிராகப் பரவியிருக்கும். யாரோ அதிகாலையில் எழுந்து புள்ளி வைத்தது போல இருக்கும். அதைப் போட்டது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு நண்டு. வற்றியதும் வளையிலிருந்து வெளியே வந்து, மணலை அள்ளி வாயில் வைத்து, மணல்மேல் ஒட்டியுள்ள நுண்ணிய உணவை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, மிச்ச மணலை உருட்டிப் பின்னால் தள்ளும். அதே மணலை இரண்டாம் முறை தொடாமலிருக்க அதுதான் அதன் அடையாளம். கடல் திரும்பி வந்து எல்லாவற்றையும் அழிப்பதற்குள் அது சாப்பிட்டு முடிக்க வேண்டும். நம் காலடி அதிர்வு பட்டதும் எல்லாம் வளைக்குள் மறைந்துவிடும், கரை காலியாகத் தெரியும். பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் "ஒன்றும் இல்லை" என்று நடந்துவிடுகின்றன. எட்டுப் பிள்ளைகளை வட்டமாகக் குந்தவைத்து, ஐந்து நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். முதலில் ஒன்று தலைகாட்டும். பிறகு பத்து. பிறகு அந்தத் தரையே நகரத் தொடங்கும். நாற்பது பிள்ளைகள் ஒன்றாக நடக்கும்போது இது நடக்கவே நடக்காது.

சேறும் மணலும் கலந்த இடங்களில் சேற்றில் துள்ளும் தெம்பாக்குல் மீன், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டு, எப்போதாவது குதிரை லாடம் போன்ற ஓடுள்ள பெலங்காஸ் தென்படும். பெலங்காஸ் மல்லாந்து கிடந்தால் வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வாலின் மூட்டு காயப்பட்டால் அடுத்த முறை தானாகப் புரள அதனால் முடியாது. ஓட்டின் இரு பக்க விளிம்பையும் பிடித்துத் திருப்பி, தண்ணீர் இருக்கும் திசையில் விடுங்கள். கல்லைப் புரட்டினால் முன்பு இருந்தபடியே திருப்பி வையுங்கள். கல்லின் அடிப்பக்கம்தான் பல உயிர்களுக்கு வீடு, வெயில் பட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

இனிக் காடு. பினாங்கில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும், எனவே காலை 8 மணி என்பது விலங்குகளுக்கு நல்ல விடியல் நேரம். வாசலில் பதிவும் பொதுவாக 8 மணிக்குத் தொடங்கும். முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்யுங்கள். கட்டணம் எவ்வளவு, எந்தப் பாதை மூடியிருக்கிறது, குழுவுக்கு முன்பதிவு வேண்டுமா என்ற மூன்றையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம். மரம் விழுந்தும் மண் சரிந்தும் பாதைகள் அவ்வப்போது மூடப்படுவது உண்டு. வந்து நின்றபின் தெரிந்துகொண்டால் நாற்பது முகங்கள் வாடும்.

காலை 8 முதல் 10 வரை லோத்தோங் இலைக்குரங்குகள் இலை தின்னும் நேரம். சாம்பல் உடல், நீண்ட வால், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். தாயின் மடியில் பிறந்து சில மாதமே ஆன குட்டி இருந்தால் அது பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மாதங்கள் செல்லச்செல்ல அந்த நிறம் மங்கிச் சாம்பலாகும். கிளை அசையும் ஓசை, பிறகு கொட்டும் இலைத் துணுக்குகள், அதன்பின்தான் குரங்கு கண்ணில் படும். ஆகவே பிள்ளைகளை மேலே பார்க்கச் சொல்வதற்கு முன் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாகக் கடித்துப் போட்ட பச்சை இலைகள் கிடந்தால் அவை தலைக்கு மேலேயே இருக்கின்றன. வெயில் ஏறியதும் உயரக் கிளைகளில் இளைப்பாறப் போய்விடும். 11 மணிக்கு வரும் குழு இவற்றைத் தவறவிடுவது இதனால்தான்.

இந்த லோத்தோங்குக்கு ரொட்டியோ வாழைப்பழமோ தரக் கூடாது என்பதற்குக் காரணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், காரணம் தெரிந்தால் அவர்களே மற்றவர்களைத் தடுப்பார்கள். இதன் வயிறு மாட்டின் வயிற்றைப் போல அறைகளாகப் பிரிந்தது. அங்கே நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைத்துச் செரிக்கும். இனிப்பு உள்ளே போனால் நொதிப்பு தாறுமாறாகி வயிறு உப்பும். தெலுக் பஹாங் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுவதும் இவற்றுக்கு ஒரு பெரிய ஆபத்து. அதற்காகவே 'லங்கூர் புரோஜெக்ட் பினாங்' குழுவினர் 2019-இல் சாலைக்கு மேலே பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு ஒரு பாலம் கட்டித் தந்தார்கள். பேருந்து அந்தப் பகுதியில் மெதுவாகப் போக வேண்டும் என்று ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம், பெரும்பாலான பயணங்கள் இங்கேதான் கெட்டுப்போகின்றன. தண்ணீர்மலைக் கோயில் படிகளில் அர்ச்சனைத் தட்டோடு ஏறியவர்கள் எல்லாருக்கும் நீண்டவால் குரங்கு, அதாவது கெரா, எப்படிப்பட்டது என்று தெரியும். தேங்காய், பழம் எல்லாம் அதற்கு அத்துப்படி. கடற்கரையில் அது கற்றுக்கொண்ட பாடம் வேறு: பிளாஸ்டிக் பையின் சரசர ஓசை என்றால் உணவு. உள்ளே ஈரத் துணி இருந்தாலும் ஓசை ஒன்றுதான். எனவே பூங்காவுக்குள் கையில் தொங்கும் பை ஒன்றுகூட வேண்டாம். உணவு மூடியுள்ள கெட்டி டப்பாவில், டப்பா முதுகுப்பையில், முதுகுப்பையின் ஜிப் மூடியபடி. இன்னும் நல்லது, உள்ளே நுழைவதற்கு முன் பேருந்திலேயே பசியாறிவிட்டு, உள்ளே தண்ணீர் மட்டும் கொண்டுபோவது. மதிய உணவை வெளியே வந்து சாப்பிடலாம்.

வாழையிலையும் மிச்சச் சோறும் மக்கிப்போகும் பொருள்தானே என்று கரையோரப் புதரில் போடுபவர்கள் உண்டு. இலை மக்கும், உண்மைதான். ஆனால் அந்தச் சோறு மறுநாள் காலை குரங்கையும் உடும்பையும் அதே இடத்துக்கு அழைத்துவரும். அடுத்த வாரம் அங்கே உட்காரும் குழந்தையின் கையிலிருந்து பறிக்கப்போவது அந்தக் குரங்குதான். ஒரு பருக்கையும் விடாமல் திருப்பி எடுத்து வாருங்கள். நாற்பது பேருக்கு மூன்று பெரிய குப்பைப் பைகளும் அவற்றை வைக்க மூடியுள்ள ஒரு வாளியும் பேருந்தின் அடியில் இருக்கட்டும்.

குரங்கு நெருங்கி வந்துவிட்டால் பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது, கண்ணோடு கண் முறைக்கக் கூடாது. இரண்டுமே அதற்குச் சண்டைக்கான அழைப்பு. ஓடினால் துரத்தும். முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் நகர வேண்டும், சிறுவர்களை நடுவில் விட்டுப் பெரியவர்கள் வெளிப்பக்கம் நிற்க வேண்டும். பையைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் கடி விழுகிறது. கடியோ பிறாண்டலோ பட்டால், சிறிது என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் முழுதாக 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் தேவையா என்று மருத்துவரே முடிவு செய்யட்டும். மஞ்சள் பற்றுப் போட்டு வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

பாதைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வாசலிலிருந்து கரையோரமாகச் சிறிது தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரியும். கரையோரமாகவே தொடர்ந்தால் தெலுக் ஆயிலிங், பிறகு 'மங்கி பீச்' என்று பெயர்பெற்ற தெலுக் டுயோங், அதற்கும் மேலே 1883-இல் கட்டிய மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம். மலையேறிக் கடந்தால் பந்தாய் கெராச்சுட். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஆயிலிங் வரை போய்த் திரும்புவதே நிறைவான காலை. வேர்களும் பாறைகளும் உள்ள பாதை அது, ஈரத்தில் வழுக்கும். சிலிப்பர் போட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். கெராச்சுட் என்றால் ஒரு வழிக்கே ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஆளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், வியர்வை அதிகம் கொட்டும் பிள்ளைக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்று. பக்கத்துக் கிளையைப் பிடித்து ஏறுவது எல்லாருக்கும் வழக்கம். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் நாம் பார்க்கும் பச்சை விரியன் வகை, கிளையில் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும் பாம்பு. கை வைக்கும் முன் கண் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

படகில் போவதானால், படகுக்காரரிடம் விலைக்கு முன் உயிர்காப்பு அங்கிகளை எண்ணுங்கள். பிள்ளைகளுக்கேற்ற அளவு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, அங்கியைப் போட்டு வார் கட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குவது. அங்கி மோவாயைத் தாண்டி ஏறினால் அது பெரிது. தண்ணீரில் பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். திரும்பும் நேரத்தைப் போகும் முன்பே பேசி முடியுங்கள், கரையில் கைப்பேசி அலைவரிசையை நம்ப முடியாது. மேற்கே கருமேகம் நீண்ட கோடாகத் திரண்டு வந்தால் அது சுமத்ராவிலிருந்து வரும் காற்றுமழை. விடியற்காலையிலும் காலையிலும்தான் பெரும்பாலும் அடிக்கும். ஓரிரு மணி நேரம் பொறுத்தால் ஓய்ந்துவிடும், அதுவரை படகு ஏறவே வேண்டாம். முந்தின இரவும் அன்று காலையும் வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலியைப் பாருங்கள். இடி கேட்டால் கடலையும் மணலையும் விட்டு வெளியேறி, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள்.

படகில் போகும்போது தலையைத் தூக்கிப் பாருங்கள். செங்கல் நிற உடலும் வெள்ளைத் தலையும் மார்பும் உள்ளது நாம் கைகூப்பும் கருடன். அதைவிடப் பெரிதாக, கீழிருந்து வெள்ளையாகத் தெரிந்து, மிதக்கும்போது இரு இறக்கைகளையும் மேல்நோக்கி விரித்துப் பிடித்திருப்பது வெண்வயிற்றுக் கடற்கழுகு. கருடனைத் தெரிந்த பிள்ளைக்குக் கடற்கழுகைக் கற்றுக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். அவற்றை அருகில் வரவழைக்கக் கோழித்தோல் வீசச் சொல்லிப் படகுக்காரரைக் கேட்காதீர்கள்.

ஆமை பற்றித்தான் எங்களுக்கு அதிகக் கவலை. பந்தாய் கெராச்சுட்டில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. இங்கே முட்டையிட வருபவை பெரும்பாலும் பச்சை ஆமைகள், சில பருவங்களில் சிறிய வகையான 'பெஞ்யூ லிப்பாஸ்' எனும் ஆலிவ் ஆமையும் வரும். ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டைகள், பொரிய ஐம்பது அறுபது நாள். குழியின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்று முடிவுசெய்யும். ஏறத்தாழ 29 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் பெண் குஞ்சுகள் மிகும், கீழே இருந்தால் ஆண் மிகும். முட்டைக் குழிகளுக்கு மேலே நிழல் போட்டிருப்பது அழகுக்காக அன்று.

ஏற்பாட்டாளர்கள் சிலர், "பிள்ளைகள் கையால் குஞ்சு விட வேண்டும், படம் எடுக்க வேண்டும்" என்று கேட்கிறார்கள். நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் முட்டையிலிருந்து வரும் குஞ்சின் வயிற்றில் கொஞ்சம் மஞ்சள் கரு மீந்திருக்கும். கரையைக் கடந்து, அலையைத் தாண்டி, ஆபத்துக் குறைந்த ஆழ்கடலை எட்டும்வரை ஓயாமல் நீந்த அந்தக் கட்டுச்சோறுதான் அதற்குத் துணை. முதல் ஒரு நாள் அது வெறிகொண்டது போல நீந்தும். பள்ளிப் பேருந்து வரும் நேரத்துக்காகத் தொட்டியில் ஓரிரு நாள் வைத்திருந்தால், அந்தச் சக்தியைத் தொட்டிச் சுவரில் முட்டியே செலவழித்துவிடும். பகலில் விட்டால் பறவையும் மீனும் காத்திருக்கும். குஞ்சுகள் இருளில், பொரிந்த அன்றே போக வேண்டும். ஆகவே மையத்துக்குப் போனால் கேளுங்கள், பாருங்கள், பணியாளர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். குஞ்சு விடுவதை மட்டும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்காதீர்கள், அதைக் கேட்டுப் பணியாளர்களை நெருக்காதீர்கள். இரவில் தங்க அனுமதி பெற்ற குழுக்கள் கைவிளக்கையும் கைப்பேசி வெளிச்சத்தையும் கடலோரத்தில் அணைத்து வைக்க வேண்டும். வெளிச்சம் கண்ட தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும், குஞ்சுகளோ வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி எதிர்த்திசையில் நகரும்.

அதே கெராச்சுட்டில், கரைக்குச் சற்று முன்னால், மேலே நன்னீரும் கீழே உப்புநீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும் ஏரி ஒன்று இருக்கிறது. ஓடைநீர் எடை குறைந்தது, கடல்நீர் எடை கூடியது, அதனால் இரண்டும் தனித்தனியாக நிற்கும். மழைக்காலத்தில்தான் அது நிறைந்திருக்கும். வறண்ட மாதங்களில் சேற்றுப் பள்ளமாகத்தான் தெரியும். ஏரி பார்க்கப் போகிறோம் என்று முன்பே பெரிதாகச் சொல்லிவிடாதீர்கள். அறிவியல் ஆசிரியர்கள் ஒரு கண்ணாடிக் குவளையில் உப்புநீரை ஊற்றி, அதன்மேல் கரண்டியின் பின்புறம் வழியாகச் சாயம் கலந்த நன்னீரை மெல்ல விட்டு, இதை வகுப்பிலேயே காட்டிவிடலாம்.

கெராச்சுட்டில் குளிக்கக் கூடாது. நீரோட்டமும் சொறிமீனும் காரணம். மற்றக் கரைகளிலும் சொறிமீன் உண்டு. கடலில் இறங்கும் குழு ஒவ்வொன்றும் கடையில் விற்கும் சாதாரண வெள்ளை வினிகர் இரண்டு லிட்டர் வைத்திருக்க வேண்டும். கொட்டினால் முதலில் நீரைவிட்டு வெளியே கொண்டுவாருங்கள். தேய்க்காதீர்கள், மணல் போடாதீர்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒட்டியிருக்கும் இழையில் வெடிக்காத நச்சு அணுக்கள் இருக்கும். தேய்த்தாலோ நன்னீர் பட்டாலோ அவை ஒன்றாகச் சீறும். குறைந்தது 30 விநாடி வினிகர் ஊற்றியபின், துணி சுற்றிய கையால் இழையை எடுங்கள். மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம், நெஞ்சு வலி இவற்றில் ஒன்று வந்தாலும் 999.

கருவிகளில் இருநோக்கி ஒன்றுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் நாற்பது பேருக்கு ஐந்து. 8x32 அல்லது 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். முதல் எண் பெரிதாக்கும் அளவு, இரண்டாவது எண் ஒளி நுழையும் கண்ணாடியின் விட்டம். பத்து மடங்கு நல்லது என்று கடைக்காரர் சொல்வார், ஆனால் பிள்ளைகளின் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். காட்டு நிழலில் படமும் இருண்டு போகும். கண்ணாடி போடும் பிள்ளை விழிக்குவளையை மடித்துவிட வேண்டும். இருநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு குரங்கைத் தேடினால் இலை மட்டும்தான் சுழலும். முதலில் வெறும் கண்ணால் குரங்கைப் பிடித்து, பார்வையை எடுக்காமலே கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள். இதைப் பள்ளித் திடலில் முந்தின நாள் கொடிக்கம்பத்தைப் பார்த்தே பழகிவிடலாம். கொசு மருந்து பூசிய விரலால் கருவியைத் தொடக் கூடாது. டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசிய கையால் நண்டையும் தொட வேண்டாம்.

குழு பிரிப்பது இப்படி: எட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள், ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். எட்டுப் பெரியவர்களோடு வரும் நாற்பது பேர் குழுவுக்கு இன்னும் இருவர் தேவை. வற்று 9 மணிக்கு என்றால், 8 மணிக்கு இரண்டு குழு கரைக்கும் மூன்று குழு காட்டுப் பாதைக்கும் போகட்டும். காட்டுக் குழுக்கள் பத்து நிமிட இடைவெளியில் புறப்பட வேண்டும், இல்லாவிட்டால் வாலில் வாலாகச் சேர்ந்துகொள்ளும். 9 மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், 10 மணிக்குக் கரை காலியாகட்டும். ஒலிபெருக்கி பேருந்திலேயே இருக்கட்டும். பெருநிலத்திலிருந்து வருபவர்கள் விடியுமுன் கிளம்ப வேண்டியிருக்கும், பத்து பெரிங்கி சாலை வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளை முன் இருக்கையில் வையுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தைத் திரும்பும் வழிக்கு ஒதுக்குங்கள்.

பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: பயணம் முடிந்து மூன்று நான்கு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்கும் கடலோரத்துக்கும் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குரங்கிலிருந்து கொசுவழி வரும் மலேரியாவும், எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சலும் நம் நாட்டில் உண்டு. சொல்லாவிட்டால் மருத்துவர் டெங்கியை மட்டும் தேடிக்கொண்டிருப்பார். காலில் புண் உள்ள பிள்ளை தேங்கிய நீரில் இறங்க வேண்டாம்.

அடுத்த விடுமுறைக்குத் தேதி குறிக்கும் கூட்டத்தில், தயவுசெய்து ஏற்றவற்று அட்டவணையை மேசைமேல் விரித்துவையுங்கள். அதற்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பொறுப்பாளர்கள் இருவர் கொம்தாரிலிருந்து 101ஆம் எண் ரேபிட் பினாங் பேருந்தில் தெலுக் பஹாங் வந்து, குறித்த அதே வற்று நேரத்தில் ஆயிலிங் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். கழிவறை எங்கே, எந்தப் பாறையில் வழுக்குகிறது, எந்த மரத்தடியில் இலைத் துணுக்கு கிடக்கிறது என்பதை அந்த நடையிலேயே குறித்துவைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடலோரப் பாதைகளில் பிள்ளைகளோடு நடக்கும் தன்னார்வலர்கள்,
பினாங்கு